கை காட்டுகிற வரைக்கும்

தொண்ணூற்றாறு கிலோ நானூறு கிராம். மருத்துவ அறையின் எடை இயந்திரம் அதை வாய்விட்டு வேறு சொன்னது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஏழு பேருக்கும் கேட்டது. ‘அந்த நானூறையாவது விட்டுத் தொலைத்தால் என்ன, உன் அப்பன் வீட்டுச் சொத்தா?’ என்று அதனிடம் கேட்க வாய் துடித்தது. இயந்திரத்தோடு சண்டை போட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள் என்பதால் இறங்கி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

என் பெயர் எமல்டா. வயது நாற்பத்து நான்கு. தூத்துக்குடிக்குத் தெற்கே முத்துக்கரை இறக்குதுறையில் ஒன்பதாம் நம்பர் கிரேன் ஓட்டுகிறேன். மற்ற எட்டு கிரேன்களும் தாமாகவே ஓடுகின்றன. குளிரூட்டிய அறையில் நான்கு பேர் திரையைப் பார்த்துக்கொண்டு கொட்டாவி விடுவார்கள், அவ்வளவுதான். ஒன்பதுக்கு மட்டும் இன்னும் மேலே கூண்டும், கூண்டுக்குள் ஆளும் உண்டு. ஏனென்றால் அது காற்றாலை இறக்கைகளை இறக்குகிற கிரேன். நூறு மீட்டர் நீள இறக்கை கடல் காற்றில் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பும் என்று எந்தக் கணினிக்கும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபடும். தூங்குகிற பிள்ளையைத் தோளிலிருந்து பாயில் கிடத்துகிற மாதிரி கிடத்துவேன்.

வந்த வினை என்னவென்றால், கூண்டிலிருந்து அவசரத்துக்கு இறங்கப் புதிதாக ஒரு கயிற்றுத் தொட்டில் மாட்டினார்கள். அது எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் தாங்காது. ஆகவே நூறு நாளுக்குள் நான் எண்பத்தைந்துக்கு வர வேண்டும். தினமும் மின்தூக்கியில் போய்வருகிறவள், இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏணியை ஆறு நிமிடத்துக்குள் ஏறிக் காட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் திரை அறை. ஐந்தாவது கொட்டாவியாக நான்.

அந்த அறையை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. பதினொரு வருடமாக முயல்தீவுக்குப் பின்னாலிருந்து சூரியன் வருவதை மேலேயிருந்து பார்த்தவள் நான். கூண்டு லேசாக ஆடும், வல்லங்கள் வரிசையாகக் கரை திரும்பும், காற்று உப்புக் கரிக்கும். அதை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்க்கச் சொன்னால் எப்படி?

ஆனால் எடை குறைப்பது என் ஜாதகத்தில் இல்லை. நான்கு தடவை ஓடுகிற ஷூ வாங்கியிருக்கிறேன். நான்கும் புதுக்கருக்கு அழியாமல் பரணில் இருக்கின்றன. வீட்டுக்காரர் ரொசாரியன் பேக்கரியில் முந்திரி மக்ரூன் போடுகிறவர். தினமும் சாயங்காலம் உடைந்த மக்ரூனாக ஒரு டப்பா கொண்டுவருவார். உடைந்ததில் கொழுப்பு இருக்காது என்று அவர் சொல்வதை இருபது வருடமாக நம்பி வந்திருக்கிறேன்.

“உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல எமல்டா,” என்றார் டாக்டர் ஜுலைகா. எங்கள் மருத்துவ அறைக்குப் புதிதாக வந்த காயல்பட்டினத்துக்காரர். “என்ன சாப்பிடணும், எவ்வளவு நடக்கணும், எல்லாம் மனப்பாடமாச் சொல்றீங்க. பிறகு ஏன் நடக்கல?”

“காலையில முழிப்பு வந்துரும் டாக்டர். எந்திரிக்கணும்னு நெனைப்பேன். நெனைச்சிட்டே படுத்துருப்பேன்.”

“அந்த நெனைப்புக்கும் எந்திரிக்கிறதுக்கும் நடுவுல மூளையில ஒரு சின்னத் தள்ளு இருக்கு. சிலருக்கு அது ஊத்து மாதிரி வருது. சிலருக்குச் சொட்டுது. இப்ப ஒருத்தரோட தள்ளை இன்னொருத்தருக்குக் கேக்க வைக்கலாம்.” மேசையில் இரண்டு மணிக்கட்டுப் பட்டைகளை வைத்தார். “ஒண்ணு குடுக்கிறவருக்கு, ஒண்ணு வாங்குறவருக்கு. ரெண்டு பேரும் பல வருஷம் ஒண்ணாப் பழகினவங்களா இருக்கணும். அப்பத்தான் ஒருத்தர் மூளையோட தாளம் இன்னொருத்தருக்குப் புரியும். உங்க வீட்டுல அதிகாலையில துள்ளி எந்திரிக்கிற பைத்தியம் யாராவது இருக்காங்களா?”

இருந்தது. கிளாட்வின் என்று பெயர்.

கிளாட்வின் என் கொழுந்தன். ரொசாரியனின் தம்பி. முப்பத்திரண்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நாலு மணிக்கு எழுந்து திரேஸ்புரத்திலிருந்து கடற்கரை ஓரமாகப் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு, போதாதென்று வல்லம் வலிக்கப் போகிற ஜென்மம். போதாதற்கு என் கிரேனுக்குக் கீழே சைகை ஆளும் அவன்தான். நான் மேலே, அவன் கீழே, ஒன்பது வருடம்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இறக்கை தரையில் நன்றாக உட்கார்ந்து, கொக்கி கழன்ற பிறகு கீழே நிற்கிறவன் தலைக்கு மேலே உள்ளங்கையை விரித்துக் காட்டுவான். ‘கை காட்டுவது’ என்போம். அவன் கை காட்டாமல் மேலே இருப்பவள் விடக்கூடாது. வானம் இடிந்து விழுந்தாலும் விடக்கூடாது. இதில் எங்களுக்கு ஒருநாளும் தவறு வந்ததில்லை.

“ஒங்களுக்கு இல்லாததா மதினி? எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கோங்க,” என்று மணிக்கட்டை நீட்டினான் கிளாட்வின். “எங்கிட்ட அது கெடந்து வழியுது.”

“இவனுக்கு ஒண்ணும் கொறையாதுல்லா டாக்டர்?”

“நகல்தான் எடுக்கிறோம். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். உடற்பயிற்சி முடிஞ்சதும் ஒருத்தர் கழட்டுனாலும் போதும், தொடர்பு விட்டுப்போகும்,” என்றார் டாக்டர்.

‘ஒருத்தர் கழட்டுனாலும் போதும்.’ அவர் சொன்னது அவ்வளவுதான். நாங்கள் இருவரும் தலையாட்டினோம்.

மறுநாள் காலை பட்டையை மாட்டிய மூன்றாவது நிமிடம் நான் கட்டிலில் இல்லை. எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை. பரணில் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தேன். ரொசாரியன் திருடன் வந்துவிட்டான் என்று நினைத்துக் கையில் துடைப்பத்தோடு வந்து நின்றார்.

“எங்க போற?”

“நடக்க.”

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றார். பாவம், நான் அந்த நேரத்தில் நடந்து போகிறேன் என்றால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அடடா, அது என்ன சுகம்! இந்தப் பயல் தினமும் இப்படியா எழுந்திருக்கிறான் என்று பொறாமையாக இருந்தது. ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று உள்ளே ஒரு குரல் பேசுமே, அந்தக் குரலையே காணோம். மில்லர்புரத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். மக்ரூன் டப்பாவைப் பார்த்தால் டப்பாவாகத்தான் தெரிந்தது. பத்தாம் நாள் இரண்டு கிலோ குறைந்தது. நாற்பதாம் நாள் ஐந்து கிலோ. எழுபதாம் நாள் எண்பத்தெட்டுக்கு வந்துவிட்டேன். சட்டை தொளதொளத்தது. எடை இயந்திரத்திடம் “சத்தமாச் சொல்லு” என்றே சொன்னேன்.

என் சந்தோஷத்தில் கிளாட்வினை நான் கவனிக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அவன் தாடி வளர்த்தான். ஏதோ பெண் விவகாரம் என்று நினைத்துச் சிரித்தேன். வல்லத்துக்குப் போகவில்லை என்றான். மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன். கீழே நின்று கை காட்டுகிறவன் ஒரு வாரமாக உட்கார்ந்து கை காட்டினான். கால் வலியாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

எழுபதாம் நாள் மத்தியானம் ஒரு இறக்கை என் கொக்கியில் தொங்கியது. தரைக்கு இன்னும் இரண்டு ஆள் உயரம். வடகிழக்கிலிருந்து காற்று திடீரென்று அடித்து, இறக்கையின் வால் திரும்பத் தொடங்கியது. கீழே கிளாட்வின் வால்கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். அது அவனுக்குக் கைவந்த வேலை.

அவன் கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அசையவில்லை.

“ஏலே! கயித்தப் பிடிடே!” என்று வாக்கிடாக்கியில் கத்தினேன்.

“பாத்துக்கலாம் மதினி,” என்று அவன் குரல் வந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலை போடுகிறவன் குரல்.

எப்படி அதை நிறுத்தினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. இறக்கையைக் காற்றின் போக்கிலேயே ஒரு அரை வட்டம் விட்டு, மெல்ல மேலே தூக்கி, காற்று அடங்குகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து இறக்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வால் அவன் தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் போனபோதும் அவன் குனியக்கூட இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. கூண்டிலிருந்து இறங்கி ஓடினேன். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் ஜுலைகா இருவருடைய பட்டைகளையும் கணினியில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

“ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்னு சொன்னேனே. தினமும் பதினாலு மணி நேரம் ஓடியிருக்கே! ஏன் கழட்டல?”

“இவன் கை காட்டவே இல்லையே டாக்டர்,” என்றேன். “குடுக்கிறவன் அவன். அவன் கழட்டாம நான் எப்படி விடுறது?”

கிளாட்வின் மெதுவாகச் சொன்னான்: “லோடு தரையில உக்காந்தாத்தான கை காட்ட முடியும். மதினிக்கு எடை இன்னும் எறங்கலியே. எறங்கட்டும்னு இருந்தேன்.”

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் செய்தார்.

“தப்பு எம் மேலயும் இருக்கு, யாரு முதல்லன்னு தெளிவாச் சொல்லியிருக்கணும். நகல் எடுத்தாலும் அவரோட மூளை அதுக்குக் கொஞ்சம் செலவழிக்கும். இருபது நிமிஷம்னா மறுபடி ஊறிடும். நாள் பூரா இறைச்சா கிணறு வத்தாதா?”

“ஊறுமா?” என்று கேட்டேன்.

“ஊறும். ஆனா சும்மா படுத்துக் கெடந்தா ஊறாது. தினமும் காலையில எந்திரிச்சு நடக்கணும், ஓடணும். அவரா எந்திரிக்க மாட்டார். யாராவது எழுப்பணும். அதுவரைக்கும் கீழே சைகைக்கு வேற ஆளைப் போடச் சொல்றேன்.”

அன்றே பட்டையைக் கழற்றி டாக்டரிடமே கொடுத்துவிட்டேன். அடுத்த மூன்று நாளும் பழைய எமல்டா திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொண்டாள். முழிப்பு வந்தது, நினைத்தேன், நினைத்துக்கொண்டே கிடந்தேன். உடைந்த மக்ரூன் மறுபடி மக்ரூனாகத் தெரிந்தது. அறுநூறு கிராம் ஏறியது. இன்னும் இருபத்தேழு நாள், மூன்றரைக் கிலோவுக்கு மேல் மிச்சம். திரை அறையில் எனக்கு எந்த நாற்காலி என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நாலாம் நாள் விடியலில் ரொசாரியன் தேநீர்க் கோப்பையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். “கிளாட்வினுக்குப் போன் போட்டேன். மூணு நாளாப் பல்லுகூட வெளக்கலியாம். நீ கெடந்தா கெடந்துட்டுப் போ எமல். அவன் அப்படிக் கெடக்கலாமா?” என்றார்.

சுருக்கென்றது. எழுந்துவிட்டேன். எனக்காக இல்லை, எனக்காக என்றால் சத்தியமாக எழுந்திருக்க மாட்டேன்.

முதல் நாள் ஸ்கூட்டரில் போனேன். அது என் முட்டாள்தனம். அவனைக் கிளப்பி வெளியே கொண்டுவந்ததும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டான். மறுநாளிலிருந்து நடந்தே போனேன். மில்லர்புரத்திலிருந்து திரேஸ்புரம் வேகமாக நடந்தால் முக்கால் மணி நேரம். அவன் கதவைத் தட்டுவேன்.

“எந்திரிடே!”

“நாளைக்கு மதினி.”

“நாளைக்கு உன் கல்யாணம்லா, இன்னைக்கு வா.”

போர்வையை உருவுவேன், தண்ணீர் தெளிப்பேன். ஒருநாள் அவன் காதருகே எடை இயந்திரத்தின் குரலைப் பதிவு செய்து கொண்டுபோய்ப் போட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். அவன் நின்றால் பின்னாலிருந்து தள்ளுவேன். அவன் மணலில் உட்கார்ந்துவிட்டால் தூக்குவேன். எழுபத்தொரு கிலோ ஆண்பிள்ளையைத் தினமும் பத்துத் தடவை மணலிலிருந்து தூக்கிப் பாருங்கள், பிறகு பேசுவோம். திரும்பவும் வீட்டுக்கு நடை. எனக்குப் பிடித்ததா என்றால் இல்லை. ஒரு நாளும் பிடிக்கவில்லை. முதல் நாள் மாதிரி சுகமெல்லாம் கிடையாது. உள்ளே அந்தக் குரல் ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று பேசிக்கொண்டேதான் வந்தது. ‘நீ பேசிட்டே வா, அவன் அங்க கெடக்கான்’ என்று அதற்குச் சொல்லிவிட்டு நடந்தேன்.

ஒருநாள் போர்வையை இழுத்தபோது அவன் காலில் ஷூ இருந்தது. நாடாவெல்லாம் ஒழுங்காகக் கட்டியிருந்தது.

“ஷூவோடயா படுத்த? அதைக் கழட்டக்கூடச் சோம்பலா ஒனக்கு?” என்று திட்டினேன்.

“ஆமா மதினி,” என்று கண்ணை மூடிக்கொண்டான்.

நல்ல பையனை இப்படி ஆக்கிவிட்டேனே என்று திரும்பி வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு நடந்தேன். அழுதுகொண்டு நடந்தால் வேகம் கூடுகிறது, அதையும் அன்றுதான் கண்டுகொண்டேன்.

நூறாவது நாள் வந்தது. எடை இயந்திரத்தில் ஏறினேன். “எண்பத்து நான்கு கிலோ எழுநூறு கிராம்,” என்றது. இந்த முறை அந்த எழுநூறு கிராமை வாரி முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

ஏணி மிச்சம். அடியில் பாதுகாப்பு அதிகாரி, டாக்டர் ஜுலைகா, கையில் மக்ரூன் டப்பாவோடு ரொசாரியன், அவர் மேல் சாய்ந்தபடி கிளாட்வின். நான் கையுறை மாட்டும்போது அவன் வந்து சட்டைப் பையிலிருந்து பழைய பட்டையை எடுத்தான்.

“டாக்டர்ட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஆறு நிமிஷந்தான மதினி. போட்டுக்கோங்க.”

ஆசையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். இருநூற்றுப் பன்னிரண்டு படி, அதுவும் இப்போதைய காற்றில். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். நான் ஒரு சொட்டு எடுத்தாலும் அது அவனுடையது.

“போடா, போய் உக்காரு. ஒங்கிட்ட இருக்கறதே அரைக் குவளை,” என்று சொல்லிவிட்டு முதல் படியில் கால் வைத்தேன்.

எண்பதாவது படியில் மூச்சு வாங்கியது. நூற்றிருபதில் தொடை எரிந்தது. நூற்றைம்பதில் அந்தக் குரல் ‘திரை அறையில ஏசி இருக்கு எமல்டா’ என்றது. ஓரமாகத் தள்ளிவிட்டு ஏறினேன். திரேஸ்புரம் போய் வந்த கால்கள் இவை, இவற்றுக்கு ஏணி புதிதே தவிர வலி புதிதில்லை. மேல் கம்பியைத் தொட்டபோது கீழேயிருந்து ஒலிபெருக்கி சொன்னது: ஐந்து நிமிடம் நாற்பத்தோரு விநாடி.

கூண்டில் உட்கார்ந்தேன். கடல் அங்கேயே இருந்தது, எங்கும் போய்விடவில்லை. நன்றாக அழுது முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

கீழே எல்லோரும் கை குலுக்கினார்கள். டாக்டர் கிளாட்வின் பக்கம் திரும்பி, “இனிமே நீங்களும் கீழே பழைய வேலைக்கு வந்துரலாம். பட்டையைக் கழட்டுன பதினோராம் நாளே உங்களுக்கு எல்லாம் சரியாயிடுச்சு, போன்ல சொன்னேனே, ஏன் இன்னும் வந்து சேரல?” என்றார்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்தான்.

“எத்தனாம் நாளு?” என்றேன்.

“பதினொண்ணு,” என்றார் டாக்டர், ஒன்றும் புரியாமல்.

கழற்றியது எழுபதாம் நாள், பதினொன்று கூட்டினால் எண்பத்தொன்று; அதிலிருந்து நூறாம் நாள் வரைக்கும் பத்தொன்பது நாள். பத்தொன்பது நாள் இந்தப் பயலைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன், தள்ளியிருக்கிறேன், மூஞ்சியில் தண்ணீர் அடித்திருக்கிறேன்!

“அப்ப அந்த ஷூ?”

“மூணரைக்கே எழுந்து ரெடியாயிருவேன் மதினி. நீங்க தெருமுக்குல வார சத்தம் கேட்டதும் போர்வைக்குள்ள பூந்துருவேன். அன்னைக்கு நீங்க அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க.” தலையைச் சொறிந்தான். “நானா எந்திரிச்சிட்டேன்னு சொன்னா மறுநாளு நீங்க வருவீங்களா?”

“எடுபட்ட பயலே! மணல்ல உக்காந்தியே, தூக்குனேனே!”

“பத்துத் தடவைதான் உக்காந்தேன். பதினஞ்சுன்னு நெனச்சிருந்தேன், பாவமா இருந்துச்சு.”

மக்ரூன் டப்பாவைப் பிடுங்கி அவன் மேல் எறிந்தேன். அவன் பிடித்துவிட்டான். காற்றில் வந்ததை அப்படிப் பிடிக்கிறவனுக்கு எல்லாம் சரியாகித்தான் இருந்தது. ரொசாரியன் சிரித்த சிரிப்பில் அவருக்கும் இதில் பங்கு உண்டு என்று தெரிந்தது. அன்று இரண்டு மக்ரூன் சாப்பிட்டேன், உடையாதது.

மறுநாள் காலை முழிப்பு வந்தது. எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை. யாரையும் எழுப்ப வேண்டாம். கூண்டு என்னுடையது. ‘படு, படு’ என்றது குரல். நல்ல யோசனைதான் என்று புரண்டு படுத்தேன்.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் கிளாட்வின், திரேஸ்புரத்திலிருந்து ஓடி வந்த வியர்வையோடு.

“என்னடே? இனிமே எதுக்கு?”

“நீங்க இன்னும் கை காட்டலியே மதினி,” என்றான். “காட்டாம எப்படி விடுறது?”

உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கினால் போதும், அவன் போய்விடுவான். நான் போய்க் கட்டிலில் விழலாம்.

பரணிலிருந்து இரண்டாவது ஜோடி ஷூவை எடுத்தேன். முதல் ஜோடி தேய்ந்துவிட்டது. இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் இன்னும் கை காட்டவில்லை.